அவனன்றி ஓரணுவும் அசையாதா?

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு அருகிலுள்ள தேநீர்க் கடையொன்றில் சென்ற வாரம் ஒரு வாக்குவாதம் நடந்தது. நாமும் அங்கிருந்தோம். நெற்றி நிறைய விபூதியணிந்த பெரியவர் ஒருவர் தமது கைப்பேசிக்கு வந்த செய்தியொன்றை எல்லோரும் கேட்கும்படி உரக்க வாசித்தார். திருநள்ளாற்றுச் சனீஸ்வரன் கோவிலுக்கு நேர் மேலே வரும்பொழுது அமெரிக்கருடைய செயற்கைக்கோள்கள் மூன்று வினாடி அசையாமல் நின்று பிறகுதான் நகர்கின்றனவாம். அதைக் கண்டு பிரமித்த விஞ்ஞானிகள் கோவிலுக்கே வந்து கும்பிட்டுப் போனார்களாம். எந்தச் செயற்கைக்கோள், எந்தத் தேதி, வந்த விஞ்ஞானியின் பெயரென்ன என்று ஒரு வாலிபர் கேட்டார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவனன்றி ஓரணுவும் அசையாது, தம்பி. அசைப்பவனுக்கு நிறுத்தத் தெரியாதா?" என்றார். கடையிலிருந்தவர்கள் சரிதான் என்று தலையசைத்தார்கள். வாலிபர் வாயடைத்து உட்கார்ந்துவிட்டார்.

அந்த வாலிபருக்காகவே இதை எழுதுகின்றோம். ஏனென்றால் பெரியவர் சொன்ன வார்த்தை வெறும் பக்தி வார்த்தையல்ல. அது பொருள்கள் எப்படி அசைகின்றன என்பதைப் பற்றிய ஒரு சித்தாந்தம். அசைகின்ற பொருளை ஒருவன் இடைவிடாமல் அசைத்துக் கொண்டே இருக்கவேண்டும், விட்டால் நின்றுவிடும் என்பதே அதன் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரம் இடிந்து முந்நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. அஸ்திவாரம் போன பிறகும் கோபுரம் நிற்பதாக நம் ஜனங்கள் நம்புவதுதான் ஆச்சரியம்.

முதலில் செயற்கைக்கோளின் சங்கதியைப் பார்ப்போம். பூமிக்கு மேலே 400, 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்ற செயற்கைக்கோள் வினாடிக்கு ஏறக்குறைய ஏழரைக் கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அதை யார் தள்ளிக்கொண்டு போகிறார்கள்? ஒருவருமில்லை. மேலே கொண்டுபோய் விட்ட ராக்கெட்டு விழுந்துவிட்டது. சுற்றுவதற்கென்று ஓடுகிற இயந்திரம் எதுவும் அதில் கிடையாது. பெற்ற வேகம் பெற்றபடியே இருக்கிறது, பூமி இழுக்கிறது. இவ்விரண்டுந்தான் விஷயம். நியூட்டன் இதை ஒரு பீரங்கியை வைத்து விளக்கினார். உயர்ந்த மலையுச்சியில் பீரங்கியை வைத்துச் சுட்டால் குண்டு சற்றுத் தூரம் போய் விழும். மருந்தைக் கூட்டினால் இன்னும் தூரம் போய் விழும். போதுமான வேகம் கொடுத்துவிட்டால் குண்டு விழுகின்ற அளவுக்குப் பூமியும் வளைந்து கீழே போய்க்கொண்டே இருக்கும். ஆகவே குண்டு என்றென்றும் விழுந்துகொண்டே இருக்கும், தரையை மட்டும் தொடாது. சந்திரன் சுற்றுவதும் இப்படியே, செயற்கைக்கோள் சுற்றுவதும் இப்படியே.

இப்பொழுது அந்த மூன்று வினாடியைக் கவனியுங்கள். அந்த மூன்று வினாடியில் செயற்கைக்கோள் திருநள்ளாற்றிலிருந்து ஏறக்குறைய நாகப்பட்டினம் வரைக்கும் உள்ள தூரத்தைக் கடந்திருக்கும். அப்படிப் போகிற பொருளைச் சடாரென்று நிறுத்தினால் அது நமஸ்காரம் செய்யாது, சுக்கு நூறாகச் சிதறும். சிதறாமல் நின்றதென்றே வைத்துக்கொள்வோம். மூன்று வினாடியில் அது 38 மீட்டர் கீழே விழும். பிறகு மறுபடியும் பழைய வேகத்தை எங்கிருந்து பெறும்? அந்த வேகத்தைக் கொடுக்கத்தானே பூமியிலிருந்து அத்தனை பெரிய ராக்கெட்டு வேண்டியிருந்தது! சனீஸ்வரன் கோவிலில் எள்ளு தீபம் உண்டு, ராக்கெட்டு உண்டென்று எந்த ஸ்தலபுராணமும் சொல்லவில்லை. "நிற்கிற செயற்கைக்கோளும் இருக்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறது. அது பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஏறக்குறைய 35,800 கிலோமீட்டர் உயரத்தில் பூமி சுழலும் கணக்கிலேயே சுற்றுவதால் நமக்கு நிற்பதுபோல் தெரிகிறது. திருநள்ளாறு அந்த ரேகைக்கு வடக்கே 11 பாகை தள்ளியிருக்கிறது. அங்கே நிற்க வழியே இல்லை.

நிற்க. அசைப்பவனின்றி அசைவில்லை என்ற எண்ணம் நம் நாட்டுக்கு மட்டும் சொந்தமான மூடத்தனமல்ல. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் அதையே சொன்னார். கனமான பொருள் தன்னுடைய இயல்பான இடத்தை நாடிக் கீழே வருகிறது, அதிகக் கனமானது அதிக வேகமாக வருகிறது, எறிந்த கல்லைப் பின்னாலிருக்கும் காற்று தள்ளுகிறது என்றார். கிறிஸ்தவ மடாலயங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. அசைவதையெல்லாம் ஒன்று அசைக்கிறது, அதை இன்னொன்று அசைக்கிறது, இப்படியே போனால் எல்லாவற்றையும் முதலில் அசைத்தவன் ஒருவன் வேண்டும், அவனே கடவுள் என்று வாதித்தார்கள். தேநீர்க் கடைப் பெரியவருடைய வாதமும் இதுவேதான். பாஷைதான் வேறு.

நம் நாட்டில் ஆரியபட்டர் கி.பி. 499-லேயே பூமி சுழல்கிறதென்றும், கிரகணம் நிழலினால் உண்டாகிறதென்றும் எழுதிவைத்தார். படகில் போகிறவனுக்குக் கரை பின்னோக்கிப் போவதுபோல் தோன்றும் என்பதையே உதாரணமாகவும் காட்டினார். "பார்த்தீர்களா, எல்லாம் நம் சாஸ்திரத்தில் முன்பே இருக்கிறது" என்று மார்தட்டுகிறவர்கள் இத்துடன் புத்தகத்தை மூடிவிடுவார்கள். நாம் அடுத்த ஏட்டையும் புரட்டுவோம். ஆரியபட்டருடைய சுழற்சியை அந்தச் சாஸ்திரக்காரர்களே தள்ளிவிட்டார்கள். பூமி சுழன்றால் பறந்துபோன பருந்து தன் கூட்டுக்கு எப்படித் திரும்பும் என்று வராகமிகிரர் கேட்டார். உயரமான பொருள்கள் ஏன் விழவில்லை என்று பிரம்மகுப்தர் கேட்டார். கேள்வி கேட்டது குற்றமல்ல, நல்ல கேள்விதான். பதில் சொல்லத் தேவையான ஒரு விஷயம் அன்று ஒருவருக்கும் தெரியவில்லை. அதாவது, பூமியோடு சேர்ந்து போகின்ற பருந்துக்கும் அந்த வேகம் ஏற்கெனவே இருக்கிறது, யாரும் தள்ளாமலே அது தொடர்கிறது என்பதே அது.

அதைக் கண்டுபிடிப்பதற்கு இத்தாலியில் கலிலியோ என்பவர் ஒரு மரச்சட்டத்தில் பள்ளம் செதுக்கி, அதைச் சாய்த்துவைத்து, வெண்கலக் குண்டை உருட்டினார். நேரம் அளக்கச் சரியான கடிகாரம் இல்லை. பாத்திரத்திலிருந்து தண்ணீரை மெல்லிய தாரையாக ஒழுகவிட்டு, ஒழுகிய நீரை நிறுத்து நேரத்தைக் கணக்கிட்டார். இரண்டு மடங்கு நேரத்தில் நான்கு மடங்கு தூரம், மூன்று மடங்கு நேரத்தில் ஒன்பது மடங்கு தூரம் என்று கணக்கு வந்தது. கனத்துக்கும் வேகத்துக்கும் சம்பந்தமில்லை என்பதும், தடுப்பது ஒன்றுமில்லாவிட்டால் சமதளத்தில் உருளும் குண்டு ஓடிக்கொண்டே இருக்கும் என்பதும் புலப்பட்டது. 1638-ம் வருஷத்தில் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் அவருடைய புத்தகம் அச்சாகி வெளிவந்தது. ஏன் ஹாலந்தில் என்றால், பூமி சுற்றுகிறதென்று சொன்ன குற்றத்துக்காக 1633-ல் போப்பாண்டவரின் விசாரணைச் சபை அவரை மண்டியிடச் செய்து வீட்டுச் சிறையில் வைத்துவிட்டது. 1642-ல் அந்தச் சிறையிலேயே அவர் மாண்டார். விலக்கப்பட்ட புத்தகங்களின் ஜாபிதாவிலிருந்து அவருடைய நூல் நீங்கியது 1835-ல். கடவுளின் பிரதிநிதிகளுக்கு ஒரு மரச்சட்டத்தையும் வெண்கலக் குண்டையும் மன்னிக்க இருநூறு வருஷம் பிடித்தது.

பருந்தின் கேள்விக்கு நேரான பரீட்சையை 1640-ல் மார்சேல் துறைமுகத்தில் கஸாந்தி என்பவர் செய்தார். வேகமாக ஓடுகின்ற கப்பலின் பாய்மரத்து உச்சியிலிருந்து குண்டைப் போடச் சொன்னார். அது கப்பலின் பின்பக்கம் விழவில்லை. பாய்மரத்தின் அடியிலேயே விழுந்தது. இந்தக் கஸாந்தி ஒரு பாதிரியார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். பாதிரியானாலும் சாஸ்திரியானாலும் குண்டைப் போட்டுப் பார்க்கிறவனை நாம் மதிக்கின்றோம். போடாமலே சொல்லுகிறவனோடுதான் நமக்குச் சண்டை.

கடவுளைக் கணக்கில் சேர்த்ததால் மகா புத்திசாலியும் எப்படிச் சறுக்கினார் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகின்றோம். பிரெஞ்சு தேசத்து டெகார்ட்டே சாதாரண மனிதரல்ல. எதையும் சந்தேகித்துப் பார் என்று சொன்னவர். ஆனால் ஒரு பொருள் இன்னொன்றோடு மோதினால் என்ன ஆகும் என்பதற்கு 1644-ல் அவர் ஏழு விதிகள் எழுதியபொழுது, கடவுள் மாறாதவர், ஆகையால் உலகத்திலுள்ள மொத்த அசைவும் மாறாது என்று ஆரம்பித்தார். அதிலிருந்து வந்த நான்காவது விதி என்ன தெரியுமா? சும்மா இருக்கின்ற பெரிய பொருளைச் சிறிய பொருள் எத்தனை வேகத்தில் வந்து மோதினாலும் அசைக்க முடியாது, சிறியதுதான் திரும்பி ஓடும் என்பது. இதைக் கேட்டால் ஜமீன்தார்களும் மடாதிபதிகளும் பரம சந்தோஷமடைவார்கள். ஆனால் தெருவில் கோலி விளையாடுகின்ற பையனுக்கு இது பொய்யென்று தெரியும். சிறு குண்டால் அடித்தால் பெரிய குண்டு கொஞ்சமாவது நகரும். விதிகளில் அநேகம் இப்படியே பிசகிப்போயின.

1668-ல் இங்கிலாந்து ராயல் சொசைட்டியார் இதைத் தீர்மானிக்க வேண்டுமென்று கேட்டார்கள். வாலிஸ், ரென் என்ற இருவரும், ஹாலந்துக்காரரான ஹைகன்ஸும் தனித்தனியே பதில் அனுப்பினார்கள். ஹைகன்ஸ் தெய்வத்தினுடைய குணத்தை விசாரிக்கவில்லை. கால்வாயில் போகின்ற படகொன்றை நினைத்துக்கொண்டார். படகில் ஒருவன் இரு கைகளிலும் நூலில் தொங்கும் இரண்டு குண்டுகளை மோதவிடுகிறான். கரையில் நிற்பவனும் அதையே பார்க்கிறான். படகிலிருப்பவன் கண்ட மோதலும் கரையிலிருப்பவன் கண்ட மோதலும் ஒரே நிகழ்ச்சிதானே, ஆகையால் இரண்டு கணக்கும் ஒத்துவர வேண்டும் என்று ஆரம்பித்து மோதல் விதியைச் சரியாகக் கண்டுபிடித்தார். அசைவைக் கணக்கிட்டால் எந்தத் திசையில் என்பதையும் கூட்டிக் கழிக்க வேண்டும் என்பது விளங்கியது. 1687-ல் நியூட்டன் இவை எல்லாவற்றையும் ஒரே கட்டாகக் கட்டி, மாங்காய் விழுவதற்கும் சந்திரன் சுற்றுவதற்கும் விதி ஒன்றே என்று காட்டினார்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கென்ன?" என்பார்கள். இந்தக் கணக்கில் நம் புதுச்சேரிக்கும் ஒரு வரி உண்டு. அதைத்தான் விஸ்தாரமாகச் சொல்ல ஆசைப்படுகின்றோம்.

பாரிஸ் நகரத்துக் கடிகாரத்தின் ஊசலை அங்கே சரியாக வினாடி தட்டும்படி செய்துகொண்டு ரிஷே என்பவர் 1672-ல் தென்னமெரிக்காவில் பூமத்திய ரேகைக்கு அருகிலிருக்கும் கயேன் என்ற ஊருக்குப் போனார். அங்கே கடிகாரம் தினம் இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. ஊசலைக் கொஞ்சம் குட்டையாக்கிய பிறகுதான் சரியாக ஓடியது. ஏன்? பூமி அங்கே பொருள்களைச் சற்றுக் குறைவாக இழுக்கிறது. பூமி சுழல்வதாலும், நடுவில் புடைத்து துருவங்களில் தட்டையாக இருப்பதாலும் இப்படி ஆகிறதென்று நியூட்டன் தமது நூலில் கணக்குப் போட்டுக் காட்டினார். பிரெஞ்சுக்காரர்கள் லேசில் ஒப்புக்கொள்ளவில்லை. இங்கிலீஷ்காரன் சொன்னால் ஒப்புக்கொள்வதா என்ற எண்ணமும் கலந்திருந்தது போலும். 1735-ல் பெருவுக்கும் 1736-ல் லாப்லாந்துக்கும் ஆளனுப்பி அளந்து பார்த்த பிறகு ஒப்புக்கொண்டார்கள். தமது சொந்த தேசத்துப் பெரியவர் டெகார்ட்டேயைக் கைவிட்டு, அந்நிய தேசத்தான் சொன்னதை அளவுகோலை வைத்து ஏற்றுக்கொண்டார்களே, அதுவே யோக்கியதை.

இப்படி உலகமெங்கும் ஊசல் நீளத்தை அளந்துவந்த காலத்தில் லெ ஜாந்தி என்ற பிரெஞ்சு வானநூற்காரர் 1768-ல் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்தார். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கிரகம் கடப்பதைப் பார்த்து, சூரியன் எவ்வளவு தூரத்திலிருக்கிறதென்று கணக்கிடுவதற்காகப் புறப்பட்டவர். அவர் பட்ட பாடு சொல்லி முடியாது. 1760-ல் பிரான்சை விட்டுப் புறப்பட்டார். வந்து சேருவதற்குள் 1761 ஜனவரியில் புதுச்சேரி இங்கிலீஷ்காரர் கைக்குப் போய்விட்டது. அவ்வருஷம் ஜூன் 6-ல் வெள்ளி கடந்ததை ஆடுகின்ற கப்பலிலிருந்து பார்த்தார், அளவெடுக்க முடியவில்லை. எட்டு வருஷம் காத்திருந்தார். இடிந்து கிடந்த புதுச்சேரிக் கோட்டையின் மேல் வானசாலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது. 1771-ல் ஊர் திரும்பினால் இவர் செத்துப்போனதாக எண்ணிச் சொத்தைப் பங்குபோட உறவினர் தயாராக இருந்தார்கள்!

நம் ஜோதிடரிடம் இதைச் சொன்னால் ஏழரை நாட்டுச் சனி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். ஒன்று சண்டை, மற்றொன்று மேகம். இதில் சனிக்கு என்ன வேலை? லெ ஜாந்தி பரிகாரம் ஒன்றும் செய்யவில்லை. வெள்ளி போனால் போகிறதென்று மற்ற வேலைகளைப் பார்த்தார். நம் ஊரில் வினாடி ஊசலின் நீளத்தையும் அளந்தார். பிற்பாடு லாப்லாஸ் என்ற பெருங்கணிதர் பூமியின் வடிவத்தை நிர்ணயிக்க உலகத்து ஊசல் அளவுகளைத் திரட்டிப் போட்ட அட்டவணையில் பெரு, ஜமைக்கா, பாரிஸ், பீட்டர்ஸ்பர்க் ஆகிய பெயர்களோடு புதுச்சேரியின் பெயரும் இருக்கிறது.

இன்றைய கணக்குப்படி, பாரிஸில் வினாடி தட்டும் ஊசல் ஏறக்குறைய 99.4 சென்டிமீட்டர் நீளம், புதுச்சேரியில் 99.1 சென்டிமீட்டர். பாரிஸில் சரியாக ஓடும் ஊசல் கடிகாரத்தைக் கொண்டுவந்து இங்கே மாட்டினால் நாளொன்றுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிஷம் பின்தங்கும். பாரிஸில் 60 கிலோ காட்டும் ஆசாமியை அதே வில்தராசில் இங்கே நிறுத்தினால் 160 கிராமுக்குச் சற்று அதிகமாகக் குறைவார். (இரண்டு தட்டுத் தராசில் தெரியாது. படிக்கல்லும் கூடவே குறைந்துவிடுமல்லவா?) நாத்திகன் கடிகாரமும் பின்தங்கும், மாதா கோவில் கடிகாரமும் பின்தங்கும், மணக்குள விநாயகர் கோவில் தெருவில் மாட்டினாலும் பின்தங்கும். அசைக்கின்றவன் ஒருவன் உட்கார்ந்து அசைப்பதாக இருந்தால், பக்தனுக்காக ஒரே ஒரு நாள் ஒரே ஒரு வினாடியாவது விட்டுக்கொடுக்கக் கூடாதா?

லெ ஜாந்தி இங்கே இன்னொன்றும் செய்தார். நம்மவர்கள் கிரகணம் கணிக்கும் முறையைத் தமிழர்களிடமிருந்து கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தை நம் முறைப்படி கணித்ததில் கிரகணம் நீடிக்கும் நேரம் 41 வினாடிதான் குறைந்தது. ஐரோப்பாவில் அன்று பேர்பெற்ற டோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி 68 வினாடி கூடியது. பெருமைப்படத் தக்க விஷயந்தான். பின்னர் வாரன் என்ற வானநூற்காரருக்குப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடம் செய்த வாக்கியங்களைக் கொண்டே 1825-ம் வருஷத்துச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்கத்தில் 4 நிமிஷமும், நடுவில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமும் பிசகியது. ஏட்டைத் தொடாமல் இத்தனை கணித்ததே பெரிய காரியம். அந்த ஞாபகசக்திக்கு நாம் தலைவணங்குகின்றோம்.

ஆனால் கேள்வி இதுவல்ல. சோழியைப் பரப்பிக் கணித்தவருக்குக் கிரகணம் நிழலின் கணக்கென்று தெரியுமா, தெரியாதா? நிழலின் அளவை வைத்துத்தானே அவர் கூட்டிக் கழித்தார்? ராகு என்ற பாம்பின் பசி எவ்வளவு என்று அவருடைய வாக்கியத்தில் ஒரு எண்ணுமில்லை. அப்படியிருக்க வெளியே வந்து ஜனங்களிடம் என்ன சொன்னார்கள்? பாம்பு விழுங்குகிறது, தர்ப்பை போடு, கர்ப்பிணி வெளியே வராதே, தானம் கொடு! வீட்டுக்குள் ஒரு கணக்கு, வாசலில் ஒரு கதை. கி.பி. 1030 வாக்கில் இந்தியாவைப் பற்றி எழுதிய அல்பெரூனி என்ற முகம்மதிய அறிஞரும் பிரம்மகுப்தரைப் பற்றி இதையேதான் குறைசொன்னார். நிழலை வைத்துக் கணிக்கத் தெரிந்தவர், ராகுவின் தலை என்று புரோகிதர்களோடு ஏன் சேர்ந்து பாடுகிறார் என்று கேட்டார். ஆயிரம் வருஷமாகியும் பதில் வரவில்லை.

கலிலியோவின் குண்டு ஊரார் எல்லோருக்கும் உருண்டது. புத்தகத்தை வாங்கினவன் எவனும் தானே உருட்டிப் பார்த்துத் தப்பென்று சொல்லலாம். நம் வாக்கியமோ ஒரு சில வீட்டுத் திண்ணைகளில் தகப்பன் வாயிலிருந்து மகன் காதுக்குப் போயிற்று. உழுகிறவன் பிள்ளையும், நெய்கிறவன் பிள்ளையும், பறையடிக்கிறவன் பிள்ளையும் கேட்கக்கூடாது. பெண்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். திருத்துவதற்கு ஆளில்லாத கணக்கு துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

துருப்பிடித்திருக்கிறதா என்று பார்க்க 1825-க்குப் போகவேண்டியதில்லை. 2023-க்குப் போனால் போதும். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி மகரத்திலிருந்து கும்பத்துக்குப் பெயர்ந்தது 2023 ஜனவரி 17. வாக்கியப் பஞ்சாங்கப்படி பெயர்ந்தது 2023 டிசம்பர் 20. திருநள்ளாற்றில் இந்தப் பின்னால் சொன்ன தேதியில்தான் லட்சக்கணக்கான ஜனங்கள் நளதீர்த்தத்தில் முழுகி எழுந்தார்கள். இடையிலே பதினோரு மாதம்! அந்தப் பதினோரு மாதம் ஒரு மகர ராசிக்காரன் கதி என்ன? ஒரு பஞ்சாங்கப்படி ஒரு பிடியிலும், இன்னொரு பஞ்சாங்கப்படி இன்னொரு பிடியிலும் அகப்பட்டு இரண்டு பரிகாரம் செய்ய வேண்டியதுதானா?

சனி நம்மைப் பிடிக்கிறதென்றால் எதைக்கொண்டு பிடிக்கிறது? தூரத்திலிருந்து ஒரு பொருள் இன்னொன்றைப் பிடித்திழுக்கும் சக்தி ஒன்றைத்தான் நியூட்டன் காட்டினார். சனிக்கும் அது உண்டு, மறுக்கவில்லை. கணக்குப் பார்ப்போம். சனி நமக்கு மிக அருகில் வரும்பொழுதும் ஏறக்குறைய 120 கோடி கிலோமீட்டர் தள்ளியே இருக்கிறது. அப்போது அது உங்களை இழுப்பது பூமி இழுப்பதில் 37 கோடியில் ஒரு பங்கு. இது எவ்வளவென்றால், 10 டன் எடையுள்ள பேருந்தொன்றின் நடுமையத்திலிருந்து 16 அடி தள்ளி நீங்கள் நின்றால் அது உங்களை எவ்வளவு இழுக்குமோ அவ்வளவுதான். ஆகவே சனி தோஷம் நீங்கக் காரைக்கால் பேருந்துக்காக நிலையத்தில் நிற்கிறவரை, சனியைவிட அந்தப் பேருந்தே அதிகமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது! அதற்கு எள்ளு தீபம் ஏற்றுவாரா? செவ்வாய் மிக அருகில் வந்தாலும் இதில் பாதிதான் இழுக்கும். அந்தப் பாதிப் பேருந்தின் பெயரைச் சொல்லி எத்தனை வீடுகளில் பெண்கள் முப்பது, நாற்பது வயது வரை கலியாணமில்லாமல் கண்ணீர் வடிக்கிறார்கள் என்பதை வாசகர்கள் தங்கள் தெருவிலேயே எண்ணிப் பார்க்கலாம்.

"ஜோதிடத்தின் சக்தி ஆகர்ஷண சக்தியல்ல, வேறே சூட்சும சக்தி" என்பார்கள். அப்படியானால் அந்தச் சூட்சும சக்தியினால் எந்தக் கடிகாரம் எவ்வளவு பின்தங்கும், எந்தத் தராசில் எவ்வளவு குறையும் என்று ஒரு எண்ணைச் சொல்லட்டும். ஈர்ப்பு விதி எண்ணைச் சொல்லிற்று. யுரேனஸ் என்ற கிரகத்தின் ஓட்டத்தில் கண்ட பிசகை வைத்து, அதை இழுக்கின்ற கிரகம் இந்த இடத்தில் இருக்கவேண்டுமென்று லெவெர்ரியே காகிதத்தில் கணக்குப் போட்டுச் சொன்னார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் பார்த்தபொழுது அவர் சொன்ன இடத்துக்கு ஒரு பாகைக்குள் நெப்டியூன் இருந்தது. நம் நவக்கிரகத்தில் யுரேனஸுமில்லை, நெப்டியூனுமில்லை. இல்லாத ராகுவும் கேதுவும் உண்டு!

கடைசியாக ஒரு ஆட்சேபணை எப்பொழுதும் வரும். "நியூட்டனே பக்தர்தானே? 2023 ஜூலையில் சந்திரயான் புறப்படுமுன் நம் விஞ்ஞானிகளும் அதன் சிறிய மாதிரியைத் திருமலைக்குக் கொண்டுபோய் வைத்துக் கும்பிடவில்லையா?" வாஸ்தவம். நியூட்டன் பக்தர்தான். கிரகங்களின் ஓட்டம் காலப்போக்கில் தாறுமாறாகும், கடவுள்தான் அவ்வப்பொழுது சரிப்படுத்த வேண்டும் என்றுகூட எழுதினார். கவனியுங்கள்: எங்கே அவருக்குக் கணக்கு முடியவில்லையோ அங்கேதான் கடவுள் வந்தார். பின்னால் லாப்லாஸ் முதலியவர்கள் அந்தக் கணக்கை மேலே கொண்டுபோனபொழுது கடவுள் அந்த இடத்தைக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. சந்திரயானின் சங்கதியும் இப்படியே. திருமலைக்குப் போனது மாதிரி, சந்திரனுக்குப் போனது கணக்கு. எவ்வளவு எரிபொருள், எந்த வினாடியில் எத்தனை வேகம் என்று கணக்கிட்ட காகிதத்தில் பிரசாதத்துக்கு ஒரு கலமும் இல்லை. அந்த மாதிரியை மேசைமேலே விட்டுவிட்டுப் போயிருந்தாலும் ஆகஸ்டு 23-ல் அது இறங்கியேயிருக்கும்.

சனியிடமே போய்வந்த கதையும் ஒன்று உண்டு. ரிஷேயைக் கயேனுக்கு அனுப்பிய காலத்தில் பாரிஸ் வானசாலையை நடத்திய காஸினியின் பெயராலும், மோதல் விதி சொன்ன ஹைகன்ஸின் பெயராலும் சேர்த்தனுப்பிய விண்கலம் 2004-ல் சனியை அடைந்தது. ஹைகன்ஸ் தாம் 1655-ல் கண்டுபிடித்த சனியின் சந்திரன் டைட்டனில் அவர் பெயர் கொண்ட பெட்டி 2005 ஜனவரி 14-ல் இறங்கிற்று. காஸினி கலம் 2017 செப்டம்பர் 15 வரை பதின்மூன்று வருஷம் சனியைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தது. சனியின் மடியிலேயே உட்கார்ந்திருந்த அதற்கு ஒரு ஏழரையும் வரவில்லை. எரிபொருள் தீர்ந்துவரவே, அனுப்பியவர்களே கணக்குப்போட்டுச் சனிக்குள் விழச்செய்தார்கள்.

தேநீர்க் கடைப் பெரியவருக்கும், திருநள்ளாற்று அர்ச்சகர்களுக்கும், இரு கட்சிப் பஞ்சாங்கக்காரர்களுக்கும் நமது கேள்விகள் மூன்றே. நின்றுபோன செயற்கைக்கோளின் பெயரும் தேதியும் என்ன? நின்ற பிறகு அதை மறுபடி ஓடவைத்தது எது? சனி 2023-ல் ஜனவரியில் பெயர்ந்ததா, டிசம்பரில் பெயர்ந்ததா? பதில் எழுதியனுப்பினால் ஒரு எழுத்தும் குறைக்காமல் அடுத்த இதழிலேயே பிரசுரிக்கின்றோம்.